தூர் நெருக்கிய தொட்டிகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பெங்களூர் அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் இருக்கும் தொட்டிகளில் பாதிக்கு மேல் தூர் கட்டும் செடிகள்தான், அதாவது அடியில் கன்று விட்டுக் கொத்தாகப் பெருகுபவை. கல்வாழை, சம்பங்கி, ஜெர்பெரா, டே லில்லி, பாம்புக்கற்றாழை, ஸ்பைடர் செடி, பீஸ் லில்லி, ஒரு மூலையில் ஹெலிகோனியா. வருடா வருடம் ஜூன் மழை தொடங்கியதும் இவற்றில் சிலவற்றைக் கவிழ்த்துப் பிரிப்பேன். கீழ்வீட்டுத் தங்கையும் பக்கத்துத் தெருவில் தெரிந்தவர்களும் தங்கள் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, இதுக்கு என்ன உரம் போடணும்?"

உரம் போட்டுப் போட்டுப் பார்த்த பிறகுதான் வருகிறார்கள். கவிழ்த்துப் பார்த்தால் தொட்டிக்குள் மண்ணே இருக்காது, முழுக்க வேர்தான் இருக்கும். அந்தச் செடி கேட்பது இடம். அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். அதைச் செய்யாமல் உரமும் வாங்காதீர்கள், கத்தியும் எடுக்காதீர்கள்.

முதல் சோதனை: கவிழ்த்துப் பாருங்கள்

முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் காலை தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, தரையில் மெதுவாக உருட்டி, உள்ளங்கையால் சுற்றிலும் தட்டுங்கள். தூரின் அடியைப் பிடித்து இழுத்தால் வேர்ப்பந்து அப்படியே வரும். இலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. வரவில்லை என்றால் பழைய பிரெட் கத்தியைத் தொட்டிச் சுவரை ஒட்டி இறக்கி ஒரு சுற்று ஓட்டுங்கள். மண்தொட்டியில் வேர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வெளியே வந்ததும் பாருங்கள்:

வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்து, பந்தில் பாதிக்கு மேல் மண் தெரிகிறதா? நெருக்கடி இல்லை. அப்படியே திரும்ப வைத்துவிட்டு வெயில், தண்ணீர் பக்கம் பாருங்கள்.

வேர் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிப் பின்னி, மண் கண்ணுக்கே தெரியவில்லையா? பிரிக்க வேண்டிய தொட்டி இது. அறிகுறி 4-இல் சொல்லும் முறைப்படி பிரியுங்கள்.

வேர் பழுப்பாகி, விரலால் நசுக்கினால் குழகுழவென்று தோல் உரிகிறதா, நாற்றம் வருகிறதா? நேராக அறிகுறி 7-க்குப் போங்கள். இதைப் பிரித்து நாலு தொட்டியில் வைத்தால் நாலு அழுகல்தான் மிஞ்சும்.

அறிகுறி 1: இலை தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை

*முதலில் வெயில்.* செலவே இல்லாத சோதனை. ஒரு நாள் முழுக்க அந்த இடத்தில் எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது என்று எண்ணுங்கள். கல்வாழை, சம்பங்கி, டே லில்லிக்கு 5, 6 மணி நேரமாவது வேண்டும். பெங்களூரில் இது அடிக்கடி மாறும் விஷயம். போன வருடம் பூத்த இடத்தில் இந்த வருடம் பூக்கவில்லை என்றால், பக்கத்து மனையில் புதிதாக ஒரு மாடி எழும்பியிருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். தொட்டியை நகர்த்தினால் போதும்.

*அடுத்தது உரம் கூடிப்போனது.* யூரியாவோ, மாட்டுச் சாணமோ, சமையலறைக் கழிவு உரமோ மாதா மாதம் போட்டிருந்தால் இரண்டு மாதம் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

*வெட்டாமல் விட்ட பழைய தண்டு.* கல்வாழையிலும் ஹெலிகோனியாவிலும் ஒரு தண்டு ஒரு முறை பூத்து முடித்தால் அவ்வளவுதான். அது நின்று இடத்தை அடைக்கிறது. அடியோடு வெட்டிவிடுங்கள், பக்கத்தில் புதுக் குருத்து வரும்.

*அப்புறம்தான் நெருக்கடி.* இங்கே சம்பங்கியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு வரும் தொட்டிகளில் அதிகம் அதுதான். கே.ஆர். மார்க்கெட்டில் மாலை வாங்கும்போது அந்த வாசனையில் மயங்கி எல்லோரும் கிழங்கு வாங்கி வைக்கிறார்கள். முதல் வருடம் பூக்கும், இரண்டாம் வருடம் குறையும், மூன்றாம் வருடம் புல் மாதிரி இலை மட்டும் நிற்கும். காரணம் எளிது. சம்பங்கியில் பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதைச் சுற்றி வரும் பக்கக் கிழங்குகள்தான் பூக்க வேண்டும். அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பட்டாணி அளவிலேயே நின்றுவிட்டால் பூ எங்கிருந்து வரும்?

செய்ய வேண்டியது: குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்துங்கள். இலை மஞ்சளாகிச் சாய்ந்ததும் தூரைத் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, காற்றோட்டமான நிழலில் ஒரு மாதம் போல உலர விடுங்கள். பிறகு கையாலேயே பிரிக்கலாம். பெரிய நெல்லிக்காய் அளவோ அதற்கு மேலோ உள்ள கிழங்குகளைப் பூப்பதற்கென்று தனித் தொட்டியில் நடுங்கள், 12 அங்குலத் தொட்டிக்கு 4 அல்லது 5 போதும். சிறியவற்றை வேறொரு தொட்டியில் ஒரு வருடம் வளர விடுங்கள். எல்லாவற்றையும் கலந்து ஒரே தொட்டியில் திரும்ப வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படி வைத்தால் அடுத்த வருடமும் புல்தான். புதுக் கிழங்கே வாங்குவதென்றால் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா பிரஜ்வல் ரகம் கிடைக்கிறதா என்று நர்சரியில் கேளுங்கள்.

*பிரிக்கக் கூடாத இரண்டு.* ஏப்ரல், மே மாதத்தில் சிவப்புப் பந்து மாதிரி பூக்கும் ஃபுட்பால் லில்லி, நீலக் கொத்தாகப் பூக்கும் அகபாந்தஸ். இவை கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும். தொட்டி வெடிக்கும் நிலை வந்தாலொழியக் கை வைக்காதீர்கள். ஆசையாகப் பிரித்து வைத்து இரண்டு வருடம் பூ பார்க்காமல் இருந்தவள் சொல்கிறேன்.

அறிகுறி 2: ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் ஓடிவிடுகிறது, மாலைக்குள் செடி வாடுகிறது

*கோகோபீட் காய்ந்துபோயிருக்கலாம்.* ஒரேயடியாகக் காய்ந்த தேங்காய்நார் தூள் தண்ணீரை உறிஞ்சாது, பக்கவாட்டில் வழியவிட்டுவிடும். ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு வரும் தொல்லை இது. தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடிய விடுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் கனம் வித்தியாசம் கையிலேயே தெரியும். மறுநாள் மாலை வாடவில்லை என்றால் வேலை முடிந்தது.

*ஊற வைத்தும் இரண்டே நாளில் திரும்ப வாடுகிறதா?* தண்ணீரைப் பிடித்துவைக்க மண் இல்லை. கவிழ்த்துப் பாருங்கள், வேர்தான் இருக்கும். மார்ச், ஏப்ரலாக இருந்தால் அப்போதே பிரிக்க வேண்டாம். தொட்டியை வெயிலிலிருந்து நகர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் விட்டு ஜூன் வரை ஓட்டுங்கள். அதுவரை தாங்காது என்று தோன்றினால், பிரிக்காமல் இரண்டு அங்குலம் பெரிய தொட்டிக்கு மட்டும் மாற்றுங்கள்.

அறிகுறி 3: தண்ணீர் மேலேயே தேங்கி நிற்கிறது

அடித்துளையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் குத்தினதும் வடிந்துவிடும். போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் படிந்து இறுகிப்போயிருக்கும். மேலே ஒரு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண்புழு உரம் போடுங்கள். முடிந்தால் மழைநீரோ குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ விட்டு ஒருமுறை நன்றாக அலசிவிடுங்கள்.

எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கலந்த மண் என்றால் அதிலுள்ள மாவு அடியில் போய் சிமெண்ட் மாதிரி படிந்திருக்கலாம். இதற்குக் கலவையையே மாற்ற வேண்டும். இனிமேல் சல்லடையில் சலித்து, சல்லடையில் நிற்கும் கரகரப்பை மட்டும் சேருங்கள்.

துளை வழியாக வேர் வெளியே வந்து தரையில் பரவியிருக்கிறதா? இதை அலட்சியம் செய்யாதீர்கள். கல்வாழையும் ஹெலிகோனியாவும் மொட்டைமாடி ஓடுகளுக்கு நடுவிலுள்ள விரிசலில் வேரை இறக்கிவிடும். தொட்டியைப் பிடுங்கி இழுக்காமல், வேரைத் தரை மட்டத்தில் அறுத்துவிட்டு நகர்த்துங்கள். ஓடு தூக்கியிருந்தாலோ, கீழ்வீட்டுக் கூரையில் ஈரக்கறை தெரிந்தாலோ நீங்களே சிமெண்ட் பூசி மூட வேண்டாம். அங்கே நீர்க்கசிவு வேலை செய்பவரைத்தான் கூப்பிட வேண்டும். இனி எல்லாத் தொட்டிகளையும் ஸ்டாண்டிலோ மூன்று செங்கல் மேலோ வையுங்கள்.

அறிகுறி 4: நடுவில் வெற்றிடம், ஓரத்தில் மட்டும் பச்சை

மேலிருந்து பார்த்தால் வளையம் மாதிரி இருக்கும். நடுவில் காய்ந்த அடித்தண்டு, சுற்றிலும் புதுக் குருத்து. கல்வாழை, டே லில்லி, எலுமிச்சைப்புல் மூன்றிலும் இதைக் காணலாம். இதற்கு ஒரே ஒரு காரணம்தான், வேறு சோதனை வேண்டாம். பிரித்தே ஆக வேண்டும்.

எப்போது: எங்கள் ஊருக்கு ஜூன், ஜூலை சிறந்தது. வானம் மூடியிருக்கும், வெயில் சுடாது. அக்டோபரில் கொட்டும் மழையில் வெட்டுக்காயம் அழுகும். ஏப்ரலில் கன்று கருகும். தவறவிட்டால் பிப்ரவரி தொடக்கத்தில் செய்யலாம், ஆனால் நிழல் வலை கட்டாயம்.

கையில் வேண்டியது: பிரெட் கத்தி அல்லது கருக்கரிவாள், ஒரு சின்னக் கொத்து, பழைய சாக்கு, சர்ஜிக்கல் ஸ்பிரிட் கொஞ்சம். ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். கல்வாழையின் தேமல் நோய் கத்தி வழியாகவும் அடுத்த செடிக்குப் போகும்.

முதலில் இலைகளைக் குறையுங்கள். டே லில்லியை ஒரு சாண் உயரத்துக்கு, எலுமிச்சைப்புல்லை அரை அடிக்கு, கல்வாழைத் தண்டுகளையும் அரை அடிக்கு வெட்டிவிடுங்கள். வெட்டும்போது மனசு கேட்காதுதான். ஆனால் அறுபட்ட வேரால் அவ்வளவு இலைக்கும் தண்ணீர் தர முடியாது.

வேர்ப்பந்தைச் சாக்கில் வைத்து, தண்ணீர்க் குழாயால் மண்ணைக் கழுவுங்கள். கழுவினால்தான் கிழங்கு எங்கே பிரிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கையால் பிரிகிற இடத்தில் கையால் பிரியுங்கள், பிடிவாதமாக நிற்கிற இடத்தில் மட்டும் கத்தி. கல்வாழைத் துண்டு ஒவ்வொன்றிலும் 2, 3 முளைக்கண் இருக்க வேண்டும். டே லில்லியில் விசிறி மாதிரி விரியும் கன்று 2, 3 சேர்ந்திருக்கட்டும். எலுமிச்சைப்புல்லுக்கு ஒரு கைப்பிடி. நடுவில் இருக்கும் காய்ந்த, உள்ளீடற்ற பகுதியைத் தூக்கிப் போடுங்கள், அதில் உயிர் இல்லை.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரு தூரிலிருந்து பத்துச் செடி கிடைக்குமே என்ற ஆசையில் ஒற்றைக் கண்ணாக, ஒற்றைக் கன்றாக வெட்டுகிறார்கள். மூன்றாகப் பிரித்தால் அதே பருவத்தில் பூ பார்க்கலாம். பத்தாகப் பிரித்தால் பாதி போய்விடும், மீதி ஒரு வருடம் படுத்திருக்கும். நான் பிரிப்பது மூன்று, மிஞ்சினால் நான்கு.

வெட்டிய இடத்தில் மரச்சாம்பல் தடவலாம். அதைவிட முக்கியம், கல்வாழைக் கிழங்கை நட்டுவிடாமல் சில மணி நேரம் நிழலில் காய விடுவது. டே லில்லியையும் எலுமிச்சைப்புல்லையும் அப்படிக் காய விடாமல் உடனே நட்டுவிடுங்கள்.

கலவைக்குச் செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, கோகோபீட் 1 பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கல்வாழைக் கிழங்கை 2, 3 அங்குல ஆழத்தில் படுக்க வையுங்கள். மற்ற இரண்டும் முன்பு எந்த மட்டத்தில் மண்ணில் இருந்தனவோ அதே மட்டத்தில் நிற்க வேண்டும். விரலால் சுற்றிலும் அழுத்தி, காற்று இடைவெளி இல்லாமல் செய்து, தண்ணீர் விட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள்.

அறிகுறி 5: தொட்டி உப்புகிறது, விரிசல் விடுகிறது

பாம்புக்கற்றாழையும் ஸ்பைடர் செடியும் செய்யும் வேலை. பிளாஸ்டிக் தொட்டி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் புடைத்திருக்கும். தொட்டியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். பக்கவாட்டில் வெட்டித் திறந்துவிடுங்கள், செடிக்கு அதுதான் நல்லது.

பாம்புக்கற்றாழையில் மஞ்சள் ஓரம் உள்ள ரகத்தைக் கிழங்கோடுதான் பிரிக்க வேண்டும். இலையை வெட்டி நட்டால் வரும் புதுக் கன்றில் மஞ்சள் ஓரம் வராது, வெறும் பச்சையாக வரும். பிரித்த துண்டை இரண்டு நாள் காயவிட்டு, கரகர மணல் கூடுதலாகச் சேர்த்த கலவையில் நட்டு, நாலைந்து நாள் கழித்துத் தண்ணீர் விடுங்கள்.

ஸ்பைடர் செடியின் வேர் முள்ளங்கி மாதிரி தடித்திருக்கும். அதைப் பார்த்து நோய் என்று பயந்து வெட்டி எறிகிறார்கள். அது தண்ணீர் சேமிக்கும் வேர். ஒன்றிரண்டு உடைந்தால் பரவாயில்லை, எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள்.

அறிகுறி 6: பிரித்து நட்ட பிறகு எழுந்து நிற்கவில்லை

எத்தனை நாள் ஆயிற்று? நான்கு நாளுக்குள் என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். பீஸ் லில்லி துணி மாதிரி தொங்கும், பிறகு தானாக நிமிரும். உரம் போடவே வேண்டாம், புது வேர் வரும்வரை குறைந்தது மூன்று வாரம்.

பத்து நாள் ஆகியும் சாய்ந்தே இருக்கிறதா? வரிசையாகப் பாருங்கள். வெயிலில் இருந்தால் நிழலுக்கு மாற்றுங்கள். வெளி இலைகளில் பாதியைக் குறையுங்கள். மண்ணில் விரல் முதல் கணு வரை விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். செடியைப் பிடித்து அசைத்தால் தொட்டிக்குள் ஆடுகிறதா? மண்ணை இறுக்கி, ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். சின்னத் துண்டைப் பெரிய தொட்டியில் நட்டிருந்தால் மண் காயவே காயாது, 6 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள்.

ஜெர்பெரா என்றால் மற்றவற்றுக்கு முன் ஒன்றைப் பாருங்கள். இலைகள் எல்லாம் கிளம்புகிற நடுக்குருத்து மண்ணுக்கு மேலே தெரிகிறதா? மூடியிருந்தால் இன்றே மண்ணை விலக்குங்கள். புதைந்த குருத்து அழுகும், அதன் பிறகு மீட்க வழியில்லை. தண்ணீரையும் குருத்தில் ஊற்றாமல் ஓரமாக விடுங்கள்.

அறிகுறி 7: அடி அழுகுகிறது, நாற்றம் வருகிறது

தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே இருக்கிறது.

பிறகு கவிழ்த்து, கழுவி, குழைந்த வேரையும் கிழங்கையும் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டுங்கள். மிச்சம் உறுதியாக இருந்தால் ஒரு நாள் நிழலில் காயவிட்டு, புதுக் கலவையில், சின்னத் தொட்டியில் நடுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டியில் போடாதீர்கள். வெட்ட வெட்டப் பழுப்பாகவே வந்தால் விட்டுவிடுங்கள். நல்ல பக்கக் கன்று ஒன்று இருந்தால் அதை மட்டும் காப்பாற்றலாம்.

அறிகுறி 8: பிரிக்கும்போது வேரில் வேறு ஏதோ தெரிகிறது

வெள்ளை மாவு ஒட்டியது போல் இருந்தால் மாவுப்பூச்சி. மண் முழுக்கக் கழுவி, சோப்புத் தண்ணீரில் சில நிமிடம் வைத்து அலசி, தொட்டியையும் தேய்த்துக் கழுவி, புது மண்ணில் நடுங்கள். சுருண்டு கிடக்கும் தடித்த வெள்ளைப் புழு இருந்தால் கையால் பொறுக்கிவிடலாம், தொட்டிக்கு 4, 5 இருக்கும். மக்காத சாணம் போட்ட தொட்டிகளில்தான் இவற்றை அதிகம் பார்த்திருக்கிறேன்.

வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, மணி கோத்தது போல இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. சம்பங்கிக்கு இது வரும். அந்த மண்ணையும் செடியையும் மொத்தமாக அப்புறப்படுத்துங்கள். பிரித்துக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். கல்வாழை இலையில் மஞ்சள் கோடுகளும் தேமலும் இருந்தாலும் இதே முடிவுதான், மருந்து கிடையாது. ஒரே செடியில் என்றால் தூக்கிப் போடலாம். நாலைந்து தொட்டிகளில் பரவியிருந்தால், பையில் கட்டிய ஒரு வேரையும் இலையையும் எடுத்துக்கொண்டு ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்திலோ ஹெசரகட்டா நிறுவனத்திலோ காட்டிவிட்டு வாருங்கள். கண்ணில் பட்ட பூச்சிமருந்தையெல்லாம் வாங்கித் தெளிப்பதைவிட அது மலிவு.

அறிகுறி 9: தூர் பெரிதாகி அசைக்கவே முடியவில்லை

12 அங்குலத் தொட்டியில் நனைந்த செம்மண் கலவையே ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். 18 அங்குலத் தொட்டியைத் தனியாகத் தூக்காதீர்கள். மூன்று நாள் தண்ணீர் விடாமல் கனத்தைக் குறைத்து, சாக்கில் சாய்த்து இழுக்கலாம். அதுவும் முடியாவிட்டால், தொட்டியில் இருந்தபடியே கருக்கரிவாளால் நான்கில் ஒரு பங்கை ஆப்பு மாதிரி அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது மண் நிரப்புங்கள். அடுத்த வருடம் எதிர்ப்பக்கம் ஒரு பங்கு. வயதானவர்களுக்கு நான் சொல்லும் முறை இதுதான், நான்கு வருடத்தில் தூர் முழுக்கப் புதிதாகிவிடும்.

தரையில் நட்ட ஹெலிகோனியா காம்பவுண்டுச் சுவரையோ சம்ப்பையோ தண்ணீர்க் குழாயையோ நெருங்கிவிட்டது என்றால் நீங்கள் கடப்பாரை எடுக்க வேண்டாம். தோட்ட வேலை தெரிந்த ஆள் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். வரும்போது குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். பேசும்போதே, எடுத்த கிழங்கில் உங்களுக்கு எத்தனை வேண்டும், மிச்சத்தை அவர்கள் கொண்டுபோகலாமா என்பதையும் பேசிவிடுங்கள். மிச்சத்தைத் தருவதாகச் சொன்னால் சிலர் கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள்.